முள்ளிப்பட்டில் ஒரு சிவப்பு பல்பு

தறியில் நாடாவை ஒரு பக்கம் ஓட்டிவிட்டு ரேணுகாதேவி நிமிர்ந்து பார்க்கிறார். மறுபக்கம் ஓட்டிவிட்டு மீண்டும் பார்க்கிறார். எதிர்ச்சுவர் ஆணியில் தொங்கும் சிவப்பு பல்பு எரியவில்லை. கை நெய்துகொண்டிருக்கிறது; கண் சேலையில் இல்லை.

முள்ளிப்பட்டில் இந்தத் தறிக்கூடத்துக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு தெரு. வீட்டில் கணவர் அன்பரசு பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். பேச்சு வராது, செல்போனைப் பிடிக்க விரல் வளையாது. இடது கட்டைவிரல் மட்டும் அசையும். அந்தக் கையோடு ஒரு சுவிட்சைக் கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து கூரைகளின் மேலாக இரண்டு செம்புக் கம்பிகள் வந்து இந்தப் பல்பில் முடிகின்றன. தறிச் சத்தத்தில் மணி கேட்காது என்றுதான் பல்பு.

“அவரு அங்க அமுக்கறதும் இங்க எரியறதும் ஒண்ணுதான். கரண்ட்டுக்கு இன்னா, முட்டி வலியா? நான்தான் செருப்பத் தேடிகினு நிப்பேன்” என்பார் ரேணுகாதேவி. ஈ உட்கார்ந்தாலும் அமுக்குவாராம். “ஒரே பேஜாரு” என்று பக்கத்துத் தறி வனிதாவிடம் அலுத்துக்கொண்டே ஓடுவார்.

ஆடிக் காற்றில் முருங்கைக் கிளை விழுந்து, தறிக்கூட ஜன்னலருகே ஒரு கம்பி அறுந்தது. ரேணுகாதேவி அதைத் தறியில் அறுபடும் பாவு இழையைப் போலவே இணைத்தார். நுனிகளில் எச்சில் தொட்டு முறுக்கி, இழுத்துப் பார்த்தார். இணைத்த இடமே தெரியவில்லை. சேர்ந்த இழை சேர்ந்ததுதானே. பல்பு எரிகிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை.

அன்று காலை முழுக்க அது எரியவில்லை. “இன்னிக்கி நல்லா தூங்கறாரு போல” என்று வனிதாவிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக நெய்தார். மதியம் போனபோது அன்பரசு கட்டிலுக்குக் கீழே, நனைந்த வேட்டியோடு கிடந்தார். கட்டைவிரல் சுவிட்சை அமுக்கிக்கொண்டே இருந்தது.

மோட்டாருக்குக் காயில் கட்டும் தருமன் வந்து பார்த்துச் சிரித்தார். “கம்பி மேல வார்னிஷ் இருக்குதுக்கா. சொரண்டாம முறுக்கினா கரண்ட் எப்பிடிப் போவும்? பட்டுன்னு நெனச்சிகினியா?” நடந்ததை வனிதா சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டு சுரண்டத் தொடங்கினார்.

இப்போது பல்பு எரியும். தினமும் காலையில் ரேணுகாதேவி வீட்டிலிருந்து அமுக்கிப் பார்க்கிறார்; “எரியுதுக்கா” என்று வனிதா தெருவில் நின்று குரல் கொடுக்கிறாள். அன்பரசுதான் அதன்பிறகு ஒருமுறைகூட அமுக்கவில்லை. தாகமெடுத்தாலும் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறார்.

“அமுக்குங்க, ஜல்தியா வந்துடறேன்னு சொல்லிகினுதான் கீறேன். வெரலு வராம இல்ல. வுட்டுட்டாரு.”

தறி நிற்கிறது. ரேணுகாதேவி எழுந்து ஜன்னலருகே போகிறார். ஏற்கெனவே பளபளக்கும் செம்பை பிளேடால் மறுபடி சுரண்டுகிறார். அந்த இடத்தில் கம்பி பட்டிழை அளவுக்கு மெலிந்துவிட்டது. தூசியை ஊதிவிட்டு, பல்பைத் திரும்பிப் பார்க்கிறார்.