தாழ்ப்பாள் இல்லாத பக்கம்

அந்தக் கதவில் நான்கு திருகாணி ஓட்டைகள் இருக்கின்றன. தாழ்ப்பாள் இருந்த இடம். அதைக் கழற்றியவள் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை.

விருத்தாசலத்தில் தாத்தா கட்டிய வீடு. உயில் எதுவும் எழுதாமலே அவர் போய்ச் சேர்ந்தார். இதற்கெல்லாம் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூடப்பிறந்தவளுக்குத் தாம்பாளத்தில் பட்டுப்புடவை, பூ, பழம் வைத்துக் கொடுத்து, பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுப்பாள். அதற்கப்புறம் வருஷா வருஷம் பொங்கல் சீர் தவறாமல் போகும். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தபோது அப்பாவும் அப்படித்தான் தாம்பாளத்தோடு வேப்பூருக்குப் புறப்பட்டார். கல்லூரி விடுமுறையில் இருந்த நானும் கூடப் போனேன். மாமா இறந்த பிறகு, பிள்ளையில்லாத அத்தை அங்கே கொழுந்தனார் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள்.

அத்தை புடவையைத் தொடவில்லை. "புடவ வாணாம்ண்ணே. தெருவப் பாத்த ரூமு மட்டும் எம்பேருல எழுதிக் குடு. யாரயும் கேக்காம பொறந்த வூட்டுக்கு வந்து போவணும் நானு."

"நீ வந்தா யாரு வாணாம்னாங்க?"

"வாணாம்னு சொல்லல. வான்னும் யாரும் சொல்லலியே."

அப்பா பீங்கான் கம்பெனிக்காரர். புருவத்தில் களிமண் தூளோடு வீடு திரும்பும் மனிதர், பேச்சு குறைவு, வீம்பு அதிகம். கேட்டபடி எழுதிக் கொடுத்தார். மறுநாளே அறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த கதவை எங்கள் பக்கமாகத் தாழிட்டார். "பங்கு வாங்கினவளுக்கு சீரு எதுக்கு?" என்றார். பொங்கல் சீரும் நின்றது.

அத்தை மாதம் ஒருமுறை பஸ்ஸேறி வருவாள். தெருக்கதவைத் திறந்து, பெருக்கி, பாயை விரித்து உட்காருவாள். இந்தப் பக்கம் எங்கள் டிவியில் காமெடி ஓடும். அந்தப் பக்கம் அத்தை சிரிப்பாள். ஒருநாள் அம்மா குழம்புக் கிண்ணத்தோடு கதவுவரை போனாள். அப்பா இருமினார். அம்மா திரும்பி வந்துவிட்டாள். ஒரே சுவர், இரண்டு சாப்பாடு!

தன் பக்கத் தாழ்ப்பாளை அத்தை கழற்றியது அந்த நாட்களில்தான். ஏன் என்று கேட்டேன். "எம்பக்கத்துல எதுக்குடி தாழ்ப்பா? அண்ணன் எப்ப வேணா வரலாமே" என்றாள். அப்பா கடைசிவரை வரவில்லை. அவர் சாவுக்கு அத்தை எல்லோரையும் போல வாசல் வழியாக வந்து, எல்லோரையும் போல அழுதுவிட்டுப் போனாள். அப்புறம் அந்த நடுக்கதவை யாரும் தாழிடவில்லை. ஆனால் அதைத் தள்ளிப் பார்க்கத்தான் அத்தைக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை.

படுக்கையில் கிடந்தபோது என்னிடம் சொன்னாள்: "ரூம உனக்குத்தான் எழுதி வச்சிருக்கேன். புருசன் வூட்டுல என்னிக்காவது மூச்சு முட்டும். அன்னிக்கு வந்து ஒக்காரு." எனக்குக் கல்யாணமான புதிது. அத்தைக்கு வேறு வேலையில்லை என்று சிரித்தேன். மூச்சு முட்டாத வீடு எது என்று இப்போது தெரிகிறது.

போன மாதம், இப்போது அந்த வீட்டில் இருக்கும் என் அண்ணன் தாம்பாளத்தோடு வந்தான். பட்டுப்புடவை, பூ, பழம். "அந்த ரூம வச்சிக்கினு நீ என்னா பண்ணப் போற?" என்றான். நல்லவன்தான். புடவையும் நல்ல நிறம். ஆனால் கை நீளவில்லை. "இருக்கட்டும்ண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

இந்தப் பொங்கலுக்குச் சீர் வரவில்லை. நானே பஸ்ஸேறிப் போனேன். அறையைப் பெருக்கி, பாயை விரித்து, அந்த நான்கு ஓட்டைகளுக்கு எதிரே உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் டிவியில் காமெடி ஓடியது. என்னையறியாமல் சிரித்துவிட்டேன். டிவி சத்தம் குறைந்தது. காலடி ஒன்று கதவருகே வந்து நின்றது. நான் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டேன். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.