இழுப்பு என்றொரு சொல்

நான்கு ஆட்கள் நான்கு மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் ஒரு தேங்காயைச் சுமந்து தொய்ந்து கிடந்த கித்தா ஷீட்டுத்தான், என் கணவரை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருகிறது. புகைக்கூடத்துக்குப் போக வேண்டிய ரப்பர் ஷீட்டு அது. கங்காணியிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்தார். லகாட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். அதன் ஆஸ்பத்திரியில் அவர் டிரஸ்ஸர். பெரிய டாக்டர் எப்போதாவது ஈப்போவிலிருந்து வந்து எட்டிப் பார்ப்பார். மற்றபடி காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் இவர்தான் டாக்டர். யாழ்ப்பாணத்திலிருந்து என்னைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தபோது, வீட்டில் நாற்காலிகளைவிட விஞ்ஞானப் பத்திரிகைகள்தான் அதிகம். வந்தவர்களை எதன்மேல் உட்காரச் சொல்வது என்று நான் கேட்டால், வாசித்து முடித்தவற்றின்மேல் என்பார்.

அந்த வருஷம் சூரிய கிரகணம் வரப் போகிறதென்று ஆங்கிலப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். வடக்கே கெடா பக்கம் சூரியன் முழுதாக மறையுமாம். அதைப் படம் பிடிக்க வெள்ளைக்கார ஆராய்ச்சிக்காரர்கள் கருவிகளோடு வந்து இறங்கியிருந்தார்கள். அவர்கள் தேடி வந்தது சூரியனின் ஓரத்தில் தெரியும் நட்சத்திரங்களை. நட்சத்திர வெளிச்சம் சூரியனுக்குப் பக்கத்தால் வரும்போது வளைந்துதான் வரும், அதனால் நட்சத்திரம் கொஞ்சம் இடம் மாறித் தெரியும், கிரகண இருட்டில் மட்டுமே அதைப் பார்க்கலாம், இது ஒரு புது விஞ்ஞானக் கொள்கை என்று இவர் எனக்குப் பாடம் நடத்தினார். போய்ப் பார்க்க ஆசை. துரை லீவு தரவில்லை. சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், "நான் போக ஏலாட்டி என்ன, இஞ்சை இருக்கிற சனத்துக்கு விளங்கப்படுத்தலாம்தானே" என்று கிளம்பினார். எனக்குச் சிரிப்பாக வந்தது. விடியுமுன் ஆள் எண்ணும் பிரட்டுக்கு ஓடிப் பேர் கொடுத்து, வெயிலேறும்வரை ரப்பர் மரத்தில் பால் வெட்டி, வாளி சுமக்கிற சனத்துக்கு நட்சத்திரம் எங்கே இருந்தால் என்ன? ஆனால் வந்தார்கள். டிரஸ்ஸரய்யா வித்தை காட்டப் போகிறார் என்று செய்தி பரவி, ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி முற்றம் நிறைந்துவிட்டது.

"வெளி வளையும்" என்றுதான் தொடங்கினார். அவர் சொன்னது ஆகாயவெளியை.

"வெளியன்னா, லயத்துக்கு வெளியங்களா?" என்று தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து வந்த ஒருவர் கேட்டார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஷீட்டின்மேல் ஒரு கித்தாக் கொட்டையை உருட்டிவிட்டார். அது நேராகப் போகாமல் தேங்காய்ப் பக்கம் வளைந்து ஓடியது. கொட்டைதான் வெளிச்சம், தேங்காய்தான் சூரியன், தேங்காய் கொட்டையைத் தொடவே இல்லை, பள்ளம்தான் அதை வளைக்கிறது என்றார். யாரும் தலையாட்டவில்லை. இழுப்பதற்கு ஒன்றுமே இல்லை, வெளிதான் பள்ளப்பட்டிருக்கிறது என்பதுதான் அந்தப் புதுக் கொள்கையே. அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் திண்டாடிய மனிதர், கடைசியில் சூரியன் இழுக்கிறது என்ற பழைய கணக்குக்கே இறங்கி வந்தார்.

"சரி, இப்பிடி வைச்சுக்கொள்ளுங்கோ. சூரியனிட்டை ஓர் இழுப்பு இருக்கு."

எல்லாத் தலையும் நிமிர்ந்தது. அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பிள்ளைக்குக் கை கால் வெட்டி வெட்டி இழுத்தால் எங்கள் ஊரில் வலி என்போம். தோட்டத்தில் அதற்குப் பெயர் இழுப்பு. இது அவருக்குத் தெரியாததல்ல. காய்ச்சல் முற்றி இழுப்புக் கண்ட பிள்ளைகளை அவர் முன்னால்தான் கொண்டு வந்து கிடத்துவார்கள். ஆனால் அன்று அவர் தலைக்குள் நட்சத்திரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

"அந்த இழுப்பு கெரணத்தன்னிக்கு நம்ம மேலயும் படுங்களா?" இடுப்பில் குழந்தையோடு முன்வரிசையில் நின்ற ஒரு பெண் கேட்டாள். பால்மரம் வெட்டுகிறவள்.

"எல்லார் மேலயும்தான்."

"கதவச் சாத்திக்கிட்டா?"

"கதவென்ன, மலையே குறுக்கே நிண்டாலும் இழுப்பு வரும். அதை நிப்பாட்ட மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை!"

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கடைசிவரை நின்று கேட்டாள். அன்று சாப்பாட்டின்போது அவளைப் பற்றித்தான் பேச்சு. எவ்வளவு கெட்டிக்காரி, என்ன மாதிரிக் கேள்வி கேட்டாள் பார்த்தீரோ என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

கிரகணத்தன்று மதியம் எங்கள் பக்கத்தில் சூரியன் முழுதாக மறையவில்லை. வெட்டிப்போட்ட நகம்போலக் கொஞ்சம் மிஞ்சியது. புகை பிடித்த கண்ணாடித் துண்டுகளை வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். பெரும்பாலோர் லயத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில்கள் காலி. அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு பார்க்கவே இல்லை.

வெயில் திரும்பி வந்தபின் அந்தப் பெண் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். கிரகணம் விட்டதும் செய்கிறபடி குளிப்பாட்டி, விபூதி பூசியிருந்தாள். அவர் தொட்டுப் பார்த்தார். உடம்பு எப்போதோ குளிர்ந்துவிட்டிருந்தது. காலையிலிருந்தே காய்ச்சலாம். வானம் மங்கத் தொடங்கியபோது கை கால் இழுத்ததாம். அவள் வாசலிலிருந்து பார்த்தால் எங்கள் முற்றமும் அவர் நிற்பதும் நன்றாகத் தெரியும்.

"ஏன் அப்பவே தூக்கிக்கொண்டு வரேல்லை?" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

"நீங்கதானங்கய்யா சொன்னீங்க, இந்த இழுப்புக்கு மருந்து இல்லன்னு. கெரணம் விட்டா இதுவும் விட்டுரும்னு மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். இழுப்பு விட்டுருச்சுங்க. புள்ளதான் இன்னும் முழிக்கல."

அதற்குப் பிறகும் அவள் அவரைக் குறை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. உடனே வந்திருந்தாலும் பிழைத்திருக்குமா, யார் கண்டது? காய்ச்சல் மூளைக்கு ஏறினால் ஒன்றும் சொல்ல முடியாது என்று அவரே எத்தனையோ முறை சொன்னவர்தான். அதை நான் எடுத்துச் சொன்னபோது காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இழுப்பெண்டு ஒண்டே இல்லையப்பா. அதுதானே புதுக் கொள்கை. இல்லாத ஒண்டைச் சொல்லிப் பிள்ளையைச் சாகடிச்சுப் போட்டன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

கெடாவில் மேகம் குறுக்கிட்டதாகப் பத்திரிகை எழுதியது. நான்தான் வாசித்தேன், அவர் தொடவில்லை. சேர்த்து வைத்ததையெல்லாம் அடுப்புக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் விளக்கவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று எங்கள் மகள் கேட்டால், "பெய்யும்" என்பார். இப்போது நான் இருக்கிற ஈப்போ புந்தோங் வீட்டுக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஈர்ப்பு விசை, ஈர்ப்பு விசை என்று மனப்பாடம் செய்கிறார்கள். புத்தகத்துக்கு வெளியே யாரும் சொல்லாத, யாரையும் ஒன்றும் செய்யாத சொல். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

குழந்தை போய்ச் சில மாதங்கள் கழித்து, மறுபடி வயிற்றில் பிள்ளையோடு அந்தப் பெண் மருந்துக்கு வந்தாள். நான் உள்ளே கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்தேன். மருந்தை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"ஐயா, அடுத்த கெரணம் எப்பங்க வரும்?"

எந்த வருஷம், எந்தத் திக்கில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர். மருந்து அலமாரியை மூடிப் பூட்டினார்.

"இனி வராதம்மா."

"வரவே வராதுங்களா?"

"வராது."

அவள் மருந்துப் போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள். அதையும் அவள் நம்பினாள்.