மோப்பக்கா தேடக் கூடாத ஆள்

காணாமல் போன ஆளைக் கண்டுபிடிப்பதில் மோப்பக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்று ஒரு தும்மல் போட்டால் போதும், நாலு தெரு தள்ளிக் கட்டிலுக்கடியில் பதுங்கியிருப்பவன் தானாக எழுந்து வந்து, "கூப்பிட்டீங்களாக்கா?" என்று நிற்பான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் கொஞ்சம்தான்.

அவளுக்கு வேலை ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். ரயில் வண்டி மாதிரி நீளமான தாழ்வாரம். முதல் கதவுக்குள் குழந்தைகள் எப்படி வளர்கின்றன என்று பார்ப்பவர்கள். எதிர்க் கதவுக்குள் காட்டை எப்படிப் பராமரிப்பது என்று பார்ப்பவர்கள். அங்கே தரையெல்லாம் செருப்புச் சேறு, மேசையெல்லாம் மரத்துண்டு. அடுத்த கதவு சொத்தைப் பல். கடைசிக் கதவு வயதானவர்களின் தூக்கம். அந்த அறையைத் தாண்டிப் போகிறவனுக்கே கொட்டாவி வந்துவிடும். எல்லோரும் மூளையைக் கசக்கிக் கேள்வி தயார் செய்வார்கள். பதில் சொல்ல வேண்டிய ஆள் அதற்குள் வீடு மாறிப் போயிருப்பான். அப்போது நாலு கதவும் ஒரே நேரத்தில் திறக்கும்: "மோப்பக்கா எங்கே?"

அவள் தேடும் விதமே தனி. பக்கத்து வீட்டில் கேட்க மாட்டாள். "பக்கத்து வீட்டுக்காரிக்குப் பாதிதான் தெரியும், மீதியை அவளே சமைச்சிருப்பா" என்பாள். தையல்காரரிடம் கேட்பாள், முடி வெட்டுகிறவரிடம் கேட்பாள், கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடம் கேட்பாள். வீட்டை மாற்றுகிற மனுஷன் தன் பழக்கத்தை மாற்றுவதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஆள் அகப்படுவான்.

எதிர்க் கதவுக்குள் இருந்த காட்டு வாத்தியார் ஒருவர்தான் அவளிடம் தோற்றுக்கொண்டே இருந்தார். அவர்கள் எப்போதோ எண் போட்டுத் தகடு அடித்த மரங்களில் பாதியை இப்போது காணவில்லை. தகட்டைப் பட்டை மூடிவிட்டதாம்.

"ஒரு தடவை எங்ககூட காட்டுக்கு வாங்கக்கா. கண்டுபிடிச்சுக் குடுங்க."

"ஓடுறதைத் தேடுற காலு சார் இது. நட்ட இடத்துல நிக்கிறதைத் தேட நான் எதுக்கு? வீட்ல என் புருஷன் அப்படித்தான் நின்னாரு, அவரையே நான் தேடல."

புருஷன் செத்து வெகுகாலம். அவரை வைத்துச் சிரிப்பது அவளுக்கு மட்டும் உள்ள உரிமை.

அவளுடைய சொந்த வேலை என்று சொன்னால் குழந்தை வளர்ச்சி ஆராய்ச்சிதான். இரண்டு வயதுக் குழந்தைகளை ஒரு கூட்டமாகச் சேர்த்து, தலையை அளந்து, உயரத்தை அளந்து, மரக்கட்டைகளை அடுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு சில வருஷத்துக்கு ஒரு சுற்று, அதே குழந்தைகளைத் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். இப்போது அந்தக் குழந்தைகளுக்கு மீசை நரைக்கத் தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆள் தேடுகிறவர்களின் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஜன்னலோரப் பலகையில் ஆளுக்கொரு கப். தேடப்பட்ட ஆள் உயிரோடு அகப்பட்டால், கண்டுபிடித்தவர் அறைக்கே டீ வாங்கித் தர வேண்டும். போய்ச் சேர்ந்துவிட்டான் என்று தெரிந்தால், திரும்பி வந்ததும் தன் கப்பைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். அன்றைக்கு அறையில் யாரும் கிண்டல் பேசுவதில்லை. பெயரைச் சொல்லக் கூடாது, விலாசத்தைச் சொல்லக் கூடாது, கண்டதைச் சொல்லக் கூடாது என்பது ஆராய்ச்சியின் சட்டம். கப்புக்கு வாய் இல்லையே, அதனால் அது மட்டும் சொல்லும்.

அந்தச் சட்டத்தை மோப்பக்கா காத்த மாதிரி யாரும் காத்ததில்லை. ஒரு முறை ஒரு தாய் வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பெண் வீட்டைவிட்டுப் போனவள். அந்தப் பெண்ணை ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள்.

"எங்க இருக்கான்னு கேக்கலம்மா. நல்லா இருக்காளா, அத மட்டும் சொல்லு."

"எங்களுக்கு எதுவும் தெரியாதும்மா" என்றாள் மோப்பக்கா.

முந்தின நாள்தான் அந்தப் பெண்ணின் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பிய அந்தப் பெண், "அம்மாவுக்கு இன்னும் முட்டி வலிக்குதான்னு தெரியுமா?" என்று கேட்டிருந்தாள். அந்த முட்டியைத் தடவிக்கொண்டுதான் அவள் தாய் இப்போது படியில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். எழும்போது மோப்பக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கும் ஒரு புள்ள இருக்கும்ல?"

"இருக்கான். வீட்ல கால் நீட்டித் தூங்குறான். எழுப்பத்தான் ஆள் வேணும்."

அறைக்குத் திரும்பி அதையும் சிரிப்பாகத்தான் சொன்னாள். அந்த ஒரு முறை யாரும் சிரிக்கவில்லை.

அவள் மகனும் அந்த ஆராய்ச்சிக் குழந்தைகளில் ஒருவன்தான். அப்போது அவள் அந்தக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். ஒரு குழந்தை வராமல் போக, பெஞ்சுக்கடியில் துடைப்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவள் பையனைத் தூக்கி உட்கார வைத்தார்கள். கட்டையை அடுக்கச் சொன்னார்கள், அடுக்கினான். அப்புறம் ஒரே தட்டு. எல்லாம் சரிந்ததும் பெரிய மேடத்தைப் பார்த்து, பரிசு கொடு என்கிற மாதிரி சிரித்தான். பெரிய மேடம்தான் அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை. அவரே விழுந்து விழுந்து சிரித்தாராம்.

பையன் வளர்ந்தான். பாவம், கண்ணாமூச்சிகூட விளையாட முடியாத வீட்டில் வளர்ந்தான். பள்ளிக்கு மட்டம் போட்டால் அவன் ஒதுங்கிய நிழலுக்கு இவள் முன்னாடியே போய் நிற்பாள். முதல் சிகரெட்டைப் பற்றவைத்தபோது தீக்குச்சிக்குக் காற்று படாமல் மறைத்தது யார் என்று பார்த்தால், அம்மா. ஊரே சொல்லிச் சிரித்தது. அவனும் சிரித்தான், ஒரு வயதுவரை.

பிறகு அவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மோப்பக்கா ஒரே வாரத்தில் அந்தப் பெண்ணின் வீடு, உறவு, பூர்வீகம் எல்லாவற்றையும் தோண்டி எடுத்தாள். செத்துப்போனதாக அவர்கள் சொல்லிக்கொண்டிருந்த அப்பன், சிறையில் உயிரோடு இருப்பதையும் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. அந்த வீட்டுக்கே போய், அந்தப் பெண்ணின் எதிரிலேயே, "உங்க வீட்டுக்காரரை நேத்து பாத்துட்டு வந்தேன்" என்று அவள் தாயிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் அவன் முகத்தில் விழிக்கவில்லை.

மகன் சத்தம் போடவில்லை. பையில் துணியை அடுக்கிக்கொண்டே சொன்னான்.

"ஊர்ல காணாமப் போனவனையெல்லாம் கண்டுபிடிக்கிற. என்னை மட்டும் காணாமப் போக விடும்மா."

விட்டாளா? இரண்டு முறை தேடிப் போனாள். முதல் முறை அறையைக் காலி செய்துவிட்டு ஓடினான். இரண்டாம் முறை ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். தூரத்தில் அம்மா தலையைக் கண்டதும், ஒட்டிய டேப்பைக் கிழிக்காமல்கூட அப்படியே போட்டுவிட்டுச் சுவரேறிக் குதித்தான். சுவர் உச்சியில் கண்ணாடிச் சில். அதில் அவன் உள்ளங்கை ரத்தம் இருந்தது. அதைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வந்தவள், அதற்குப் பிறகு தேடவில்லை. அவன் இருக்கிறானா இல்லையா என்பதுகூடத் தெரியாது. அறையில் யாராவது கப்பைக் கவிழ்க்கும்போதெல்லாம் அவள் உடனே எதையாவது எடுக்கிற மாதிரி குனிந்துகொள்வாள்.

அப்படியிருக்க, புதுச் சுற்று வந்தது. பெரிய மேடம் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க பையனையும் இந்தச் சுற்றுல பாக்கணும். சொந்தக்காரங்களை நாமளே தேடக் கூடாது. வேற ஆள் போவாரு. கிடைச்சாலும் உங்ககிட்ட சொல்ல மாட்டாரு. சட்டம் உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கா மேடம்? அந்தச் சட்டத்துக்குச் சோறு ஊட்டி வளத்தவளே நான்தானே" என்று சிரித்துவிட்டு வந்தாள்.

வேலை விழுந்தது உம்மணாமூஞ்சியிடம். முன்னாளில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். மீட்டரோடு பழகிப் பழகி, கேட்டதற்கு எண்ணை மட்டும் காட்டுகிற மனுஷன். அவர் யாரையும் கண்டுபிடித்து டீ வாங்கித் தந்ததாகச் சரித்திரமே இல்லை; கவிழ்ந்த கப் மட்டும் உண்டு. இருக்கிறதிலேயே இவரா போக வேண்டும் என்று மோப்பக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

இனி தேட மாட்டேன் என்பதுதான் அவள் தனக்குத்தானே செய்துகொண்ட சத்தியம். வழி சொல்ல மாட்டேன் என்று சத்தியம் எதுவும் இல்லை. உம்மணாமூஞ்சி பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய அன்று, ஜன்னல் கம்பியைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றாள்.

"யோவ், சும்மா சொல்றேன். சில பேருக்குச் செருப்பு பிஞ்சா புதுசு வாங்க மனசு வராது. தைச்சுத் தைச்சே போடுவான். வலது செருப்புல மட்டும் கட்டைவிரல் பக்கம் தேயும், சாஞ்சு நடக்கிறவன். செருப்புத் தைக்கிறவருக்கு மூஞ்சி மறந்தாலும் தேய்மானம் மறக்காது."

உம்மணாமூஞ்சி அவளைப் பார்த்தார். தலையை ஆட்டினாரா, கழுத்து சுளுக்கா என்று தெரியவில்லை. போய்விட்டார்.

அவர் திரும்பி வரும்வரை மோப்பக்கா போட்ட கூத்தை என்ன சொல்ல! தூக்க ஆராய்ச்சி அறைக்குப் போய், "எனக்குத் தூக்கம் வரல, என்னை ஆராய்ச்சி பண்ணுங்க" என்றாள். பல் ஆராய்ச்சிக்காரர்களிடம் தன் சொத்தைப் பல்லைக் காட்டி, "இவரைத் தேட வேண்டாம், இங்கேயேதான் இருக்காரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். படி ஏறுகிற செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் பாதிப் பேச்சில் நின்றுவிடுவாள்.

ஒரு மத்தியானம் உம்மணாமூஞ்சி வந்தார். நேராகப் பலகைக்குப் போய்த் தன் கப்பை எடுத்தார். கப்பைக் கவிழ்ப்பார் என்று பார்த்தால் கவிழ்க்கவில்லை. டீக்கடைப் பக்கம் திரும்புவார் என்று பார்த்தால் திரும்பவில்லை. கப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அதை எங்கே, எப்படி வைப்பது என்று அந்த அறையின் வழக்கத்தில் இல்லை.

மற்றவர்கள் சாப்பிடப் போனதும் அவர் அவள் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, வேலை விஷயமா ஒரு சந்தேகம். பேரு கேக்காதீங்க."

"கேக்கல."

"ஒரு ஆள் கிடைச்சாரு. நல்லா இருக்காரு. 'வாங்க, உக்காருங்க'ன்னாரு. மரியாதையாத்தான் பேசினாரு. 'எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?'ன்னு கேட்டாரு. நான் யோசிக்காம, செருப்புத் தைக்கிறவர்கிட்ட விசாரிச்சேன்னு சொல்லிட்டேன்."

மோப்பக்காவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

"மூஞ்சி மாறிடுச்சுக்கா. 'இருங்க, பால் காய்ச்சுறேன்'னு உள்ள போனாரு. ரொம்ப நேரமாச்சு. பால் பொங்கித் தீயிற வாசம் வருது. உள்ள போய்ப் பாத்தா பின்கதவு திறந்து கிடக்கு. சந்துல ஓடுறாரு. இடுப்புல புள்ளையத் தூக்கிக்கிட்டு."

"புள்ளையா?"

"நான் அடுப்பை அணைச்சுட்டு வந்துட்டேன்" என்றார் அவர், அதுதான் முக்கியம் என்பது போல.

மோப்பக்கா தண்ணீர் குடித்தாள். பிறகு, குழந்தை ஆராய்ச்சியில் இத்தனை காலம் இருந்தவள் கேட்கிற கேள்வியாகவே கேட்டாள்.

"நிக்குதா? நடக்குதா?"

"நடக்குது. நான் உக்காந்திருந்தப்ப தரையில டப்பா மூடியெல்லாம் அடுக்கிட்டிருந்துச்சு. அடுக்கிட்டு ஒரே தட்டு. அப்புறம் என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுச்சு பாருங்க. நானே சிரிச்சுட்டேன்."

உம்மணாமூஞ்சி சிரித்தாராம். அதை நம்பச் சொன்னால் வேறொரு நாள் மோப்பக்கா தரையில் உருண்டிருப்பாள். இப்போது உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். படியில் உட்கார்ந்திருந்த அந்தத் தாய்க்கு ஒரு முட்டி விசாரிப்பைக்கூட இவள் கொண்டுவந்து கொடுக்கவில்லை. இந்த மீட்டர்க்காரர் சட்டத்தை முறுக்கி முறுக்கி, ஒரு குழந்தையின் சிரிப்பையே கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்.

"சந்தேகம் இதான்கா. ஓடிப் போனவரை இன்னொரு தடவை தேடலாம்னு சட்டத்துல இருக்கு. போகவா? இல்ல, இவரை இனி தேட வேண்டாம்னு எழுதி முடிச்சிடவா? எழுதிட்டா அதோட சரி. எந்தச் சுற்றுலயும் யாரும் போக மாட்டாங்க. நீங்கதான் இதுல மூத்தவங்க, நீங்க சொல்லுங்க."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். போகச் சொன்னால் இவர் போவார். கண்டுபிடித்தும் விடுவார். புள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் இன்னொரு அடுப்பை எரிய விட்டுவிட்டு ஓடுவான். வேண்டாம் என்றால், இந்த உலகத்தில் அவன் இருக்கிறானா என்று போய்ப் பார்க்கிற கடைசி ஆளும் நின்றுபோவார்.

"புள்ளையத் தூக்கிட்டு ஓடினா தடுக்கி விழுவான்யா" என்றாள். "விட்டுடு. முடிச்சிடு."

"நிச்சயமாவாக்கா?"

"மூத்தவங்கன்னு கேட்டேல்ல? சொல்லிட்டேன்."

எழுந்து போய், அவர் கையிலிருந்த கப்பை வாங்கிப் பலகையில் நிமிர்த்தி வைத்தாள். பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு நடந்தாள். தாழ்வாரத்தில் எதிரே வந்த காட்டு வாத்தியார் பழக்கதோஷத்தில் பாட்டை ஆரம்பித்தார்: "அக்கா, எங்க மரத்தையெல்லாம் எப்பதான் தேடித் தரப் போறீங்க?"

"நாளைக்கே வரேன் சார்."

வாத்தியார் கிண்டல் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவள் டீயோடு திரும்பியபோது சாப்பிடப் போனவர்கள் வந்திருந்தார்கள். வாளியைப் பார்த்ததும் ஆரவாரம்.

"அடடே, யாருக்கா கிடைச்சது? நீங்க எங்கயும் போகவே இல்லையே!"

"பேரு கேட்டா சொல்லுவேனா? உயிரோட இருந்தா டீ, அவ்வளவுதான். குடிங்கடா, ஆறிடப் போகுது" என்றாள்.

எல்லாக் கப்பிலும் சிந்தாமல் ஊற்றினாள், தன்னுடையதைத் தவிர. உம்மணாமூஞ்சி எழுந்து அவள் கப்பை எடுத்து, தன் டீயில் பாதியை அதில் ஊற்றினார்.