சாமியார் பண்ணையில் தின்ற ரொட்டி

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மனு, ரசீது தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. என் கதையை எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசும் என்பதால் காகிதத்தில் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆவூருக்குத் தெற்கே இத்தாலிக்காரச் சாமியார் ஒருவர் பண்ணை வைத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்து அங்கே போனால் காசு கொடுத்து அவர்கள் ஊர்ச் சாப்பாடு சாப்பிடலாம். ஓட்டுக் கொட்டகை, இழைக்காத பலகையில் நீள மேசை, பின்னால் பானையைக் கவிழ்த்த மாதிரி பெரிய மண் அடுப்பு. ரொட்டி அதிலேயே சுடுவார்கள். சுடுகிறவருடைய மகளைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவளைத் திருநாளில் ஒரு தடவை பார்த்திருந்தேன். சப்பரம் தெருவைத் தாண்டிப் போன பிறகும் அவள் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்பா இல்லாத வீட்டில் சித்தப்பா சொல்வதே முடிவு. அவர் ஏற்கெனவே இரண்டு இடத்தைக் கலைத்திருந்தார். ஒரு வீட்டில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. இன்னொரு வீட்டில் பெண்ணின் அண்ணன் காரணமில்லாமல் சிரித்தானாம். இதையும் கலைத்தால் அவளை அன்னவாசல் பக்கம் கொடுத்துவிடுவார்கள் என்று கேள்வி.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும் வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டோம். அவர்கள் வீட்டுப் பண்டம் வாயில் பட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் வேண்டாம் என்றால் ஊர் காறித் துப்பும். அதனால்தான் பெண்ணின் அப்பா, "பண்ணையில வந்து ஒரு வாய் சாப்பிடுங்க, சாமி அடுப்புதானே" என்று சொல்லி அனுப்பியபோது சித்தப்பாவுக்கு மூக்கில் வேர்த்தது.

"இதுல என்னமோ இருக்குடா. வீட்டுக்குக் கூப்பிடாம அங்கிட்டு ஏன் கூப்பிடுறாரு? கண்ணத் தெறந்து வச்சுக்கிட்டுச் சாப்பிடு."

ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்குப் புறப்பட்டபோது குடிக்கத் தண்ணீர்கூட எங்கள் வீட்டிலிருந்தே செம்பில் கொண்டுவந்தார்.

"எலை போடலையா?" என்றார், தகரத் தட்டைப் பார்த்ததும். மஞ்சளாய் ஏதோ வந்தது. விரலால் குத்திப் பார்த்தார். "களிதாண்டா. மக்காச்சோளத்தப் போட்டு ஏமாத்துறான்." மேலே ஊற்றிய எண்ணெயை முகர்ந்து, "தலைக்குத் தேய்க்கிறதா?" என்று கேட்டார். ஆட்டுப்பாலைத் திரித்துச் செய்த கட்டியைத் தொடவே இல்லை. நான் தலை நிமிராமல் தின்றேன். அடுப்புப் பக்கம் தொங்கிய சாக்குப் படுதா ஒரு தடவை அசைந்தது. காற்று இல்லை.

ரொட்டி மட்டும் சித்தப்பாவுக்குப் பிடித்துவிட்டது. மேல் தோல் கருகி, உள்ளே பஞ்சாய், லேசாகப் புளித்தது. இரண்டாவது துண்டில் பாதி போன பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. சர்க்கார் கள்ளுக்கடைகளை மூடிச் சில வருஷமே ஆகியிருந்தது.

"இது எப்படிங்க இப்படிப் பொங்குது? கள்ளு ஊத்துனீங்களா?"

பெண்ணின் அப்பா கையைத் துண்டில் துடைத்தார். "சேச்சே, இல்லீங்க."

"பெறகு?"

"அது… மாவு தானாப் பொங்கும்ங்க."

"தானா எப்படிப் பொங்கும்? மறைக்காமச் சொல்லுங்க. போலீஸ்காரன் வந்தா நாங்கள்ல நிக்கணும்?"

மேசையின் அந்தக் கோடியில் இருந்த சாமியார்தான் சிரித்துக்கொண்டு பதில் சொன்னார். அவர் தமிழ் ஜெபப் புத்தகம் மாதிரி இருக்கும்.

"கள் இல்லை, ஐயா. தயிருக்கு உறை ஊற்றுகிறீர்கள் அல்லவா? அதுபோல முந்தின நாள் மாவைக் கலக்கிறோம். அந்தப் பானை இவர் வீட்டில் இருக்கிறது. இவருடைய மகள் தினமும் தன் வீட்டு மாவு போட்டு வளர்க்கிறாள்."

சித்தப்பாவின் வாய் அசைவது நின்றது. உள்ளே இருந்ததைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"அப்ப இது ஒங்க வீட்டுப் பண்டமா?"

"நான் சாமி அடுப்புன்னுதாங்க சொன்னேன்," என்றார் பெண்ணின் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

சித்தப்பா விழுங்கினார். பிறகு மெதுவாக, "ஒற ஊத்துற மாவுதானே, அது கணக்கில்ல. எந்திரிடா, போவோம்" என்று எழுந்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. எனக்கே அது ஆச்சரியம். கையை நீட்டித் தட்டிலிருந்து பெரிய துண்டாக எடுத்தேன். எல்லாரும் பார்க்கும்படி கடித்தேன். இன்னொரு கடி. எங்கள் செம்பைத் தொடாமல், மேசையில் அவர்கள் வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

"ஏண்டா, தெரிஞ்சுதான் திங்குறியா?" என்றார் சித்தப்பா.

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் மறுபடி உட்கார்ந்து, தன் மீதிப் பாதித் துண்டை எடுத்தார். "திட்டம் போட்டுத்தான் கூப்பிட்டிருக்கீங்க, சம்பந்தி" என்றார்.

பெண்ணின் அப்பா அதை இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷமாக மாமனாரிடம், அது திட்டம்தானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்று படுதாவுக்குப் பின்னால் நின்றவளிடம் கேட்டால், அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுகிறாள்.

அந்தச் சாப்பாட்டுக்கு மறுநாள் திங்கட்கிழமை. சித்தப்பா நிச்சயத்துக்கு வெற்றிலை பாக்கு வாங்கப் போனார். அவ்வளவு ரொட்டி தின்றதில் எனக்கு வயிறு சரியில்லை. கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருந்தேன்.