எழுவாய் அட்டை

ஆய்வு நாளன்று பாடசாலை இன்ஸ்பெக்டர் கேட்ட இரண்டாம் வினாவுக்கு என் ஆங்கில வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதினொரு பிள்ளைகளில் பெரும்பாலோர் விடை அறிந்தவர்கள். அவர்கள் பேசாதிருந்ததால் வகுப்பே மூடப்படும் நிலை வந்தது.

1930களின் தொடக்கத்தில், இலங்கையில் பலாங்கொடைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நான் ஆசிரியனாக இருந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எதற்கு என்று கேட்ட தோட்டத்துத் துரை, ஓராண்டுக்கு மட்டும் வகுப்பு நடத்த இசைந்தார். இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட் நன்றாயிருந்தால் அது தொடரும். இல்லையேல் பிள்ளைகள் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

வாக்கியப் பயிற்சி

தமிழ் வாக்கியத்தில் பயனிலை இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் நடுவே நிற்கும். இதனை விதியாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள். ஆகவே சொற்களை அட்டைகளில் எழுதிப் பிள்ளைகளின் கழுத்தில் மாட்டி, காலைப் பெரட்டில் தொழிலாளர் வேலைக்கு அணிவகுப்பதுபோல் நிறுத்தினேன். பயனிலை அட்டை பெற்றவன் பழக்கத்தால் வரிசையின் கடைசிக்கு ஓடுவான்.

“அங்க எங்கடா போற? நடுவுல வாடா” என்று மற்றவர்கள் இழுத்து வருவார்கள்.

வரிசையில் முதலில் நிற்கும் எழுவாய் அட்டையை மட்டும் எப்போதும், தொழிலாளரை மேற்பார்க்கும் பெரிய கங்காணியின் மகன் ராமையாவே அணிந்தான். ஒருநாள் அதைத் தெய்வானை என்ற மாணவியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“கங்காணி மகன் இருக்கையில நான் எப்படிங்க மொதல்ல நிக்கிறது?”

“இது பெரட்டா, பாடமா?”

“பெரட்டு மாதிரின்னு நீங்கதானேங்க சொன்னீங்க?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அட்டையை ராமையாவிடமே கொடுத்தேன். என் பிழை அங்கே தொடங்கியது.

கதை ஆராய்ச்சி

ஆய்வுக்கு ஒரு சிறுகதை குறிக்கப்பட்டிருந்தது. தாய்க்கு மருந்து வாங்கச் சென்ற சிறுவன் பனிமூட்டத்தில் வழி தவறுகிறான். அவன் குடும்பத்தோடு பகைகொண்ட அயல்வீட்டுக்காரர் ஓயாமல் மணியடிக்கிறார். அந்த ஓசையைப் பற்றிக்கொண்டு சிறுவன் வீடு சேர்கிறான்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்தவர். முதலில் கதையைச் சொல்லச் சொன்னார். ராமையா எழுந்து பிழையின்றி ஆங்கிலத்தில் சொன்னான். பின்பு அவர் கடைசி வாங்கில் அமர்ந்திருந்த தெய்வானையைச் சுட்டி, “இக்கதையில் முதன்மையானவர் யார்? ஏன்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் ராமையாவைப் பார்த்தாள். அடுத்தவனும் ராமையாவைப் பார்த்தான். விடை அறியாத ராமையா தரையைப் பார்த்தான்.

பெரட்டுக்களத்தில் துரை யாரைக் கேட்டாலும் அந்த ஆளுக்காகக் கங்காணியே விடை சொல்வார். அவரை முந்திப் பேசுவது மரியாதைக் குறைவு.

“என்ன மாஸ்டர், ஒரு பொடியனைத்தான் படிப்பிச்சிருக்கிறியள் போலக் கிடக்கு” என்று இன்ஸ்பெக்டர் பென்சிலை எடுத்தார்.

அவரிடம் ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டு, பிள்ளைகளின் பேச்சிலேயே சொன்னேன்: “பெரட்டு கலைஞ்சிருச்சு. இப்ப மலையில நிக்கிறோம். அவங்கவங்க நெரைய அவங்கவங்கதான் எடுக்கணும்.”

கொழுந்து மலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை உண்டு. அங்கே கங்காணி பின்னால் நிற்பார். எவருடைய செடியிலும் கை வைக்கமாட்டார்.

முதலில் அசைந்தவன் ராமையா. பின்னால் திரும்பி, “சொல்லு புள்ள, எனக்கு இது தெரியாது” என்றான்.

தெய்வானை எழுந்தாள். “மணியடித்தவர்தான் ஐயா. சிறுவன் நடந்தான், அவ்வளவே. அவர் தம் கோபத்தை விட்டார்” என்று மூன்று முழு வாக்கியங்களை ஆங்கிலத்தில் அமைத்தாள்.

“மணி இல்லாமல் அவன் வந்திருக்க மாட்டானா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

இப்போது அவள் தன்னையறியாமல் தமிழுக்கு வந்துவிட்டாள். “பனியில கண்ணு ஒதவாதுங்க. தப்பு அடிக்கிற சத்தத்தக் கேட்டுத்தான் நாங்களே பெரட்டுக்கு வாறோம்.”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். “நல்லது பிள்ளை. அதை இங்கிலீசிலை சொல்லு பாப்பம்.”

சொன்னாள். ஆள் கூட்டும் அந்த மேளத்தின் பெயரை மட்டும் தமிழாகவே விட்டாள். அதற்கு ஆங்கிலம் நான் கற்பித்ததில்லை. அடுத்த வினாவுக்கு ஆறு கைகள் உயர்ந்தன. ரிப்போர்ட் நன்றாக வந்தது, வகுப்பு தொடர்ந்தது.

மறுநாள் அட்டைகளையெல்லாம் ஒரு கூடையில் இட்டு, கண்ணை மூடி எடுக்கச் சொன்னேன். எழுவாய் தெய்வானைக்கும், ஆங்கிலத்தில் கடைசியில் நிற்கும் செயப்படுபொருள் ராமையாவுக்கும் வந்தன.

“இன்னைக்கு நீதாண்டா கடைசி” என்றான் ஒருவன்.

“நாளைக்கு ஒனக்கு வரும், சும்மா நில்லு” என்று சொல்லிவிட்டு, ராமையா கடைசியில் போய் நின்றான்.

பெரட்டின் ஒழுங்கை வகுப்புக்குள் கொண்டுவந்தவன் நான். அதனோடு கங்காணியும் வந்து அமர்ந்ததை நான் காணவில்லை. அதன்பின் ஓய்வுபெறும்வரை, விடை வராத போதெல்லாம், அந்தப் பிள்ளை யார் முகத்தைப் பார்க்கிறது என்பதையே முதலில் கவனித்தேன்.