துப்பாக்கி ஸ்டேஷனில், வேலி வீட்டில்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து கோணலாக இருக்கும், ரகரமும் றகரமும் இடம் மாறியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்ததால் நானும் டெக்சாஸ் வந்தேன். நான் சாமான் அடுக்கும் கடையின் கதவில் ஒரு துப்பாக்கிப் படமும் அதன் மேல் சிவப்புக் கோடும் உண்டு. கேரள எல்லையோரம் எங்கள் காரோடு ஊரில் வாசலில் எழுதி வைப்பது செருப்பைக் கழற்றச் சொல்லித்தான். கூட வேலை செய்யும் ஜிம் ஒருநாள் கேட்டான்: "உங்கள் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைக்க முடியாதாமே? அப்படியென்றால் சண்டையே இருக்காதே?" கூச்சத்தில் எனக்கு வந்தது ஒரே பதில்: "எங்களுக்கு அண்ணன் தம்பிகள் உண்டு." அவன் சந்தோஷமாக என் முதுகில் தட்டினான். "ஆமாம், குடும்பம்தான் எல்லாம்."

அப்பாவின் நிலத்தில் ரோட்டோரம் பெரியண்ணனுக்கு, பின்பக்கம் சின்னண்ணனுக்கு, பக்கவாட்டில் நீளமான துண்டு எனக்கு. சின்னண்ணன் வீட்டுக்குப் பெரியண்ணன் முற்றம் வழியாகத்தான் போகவேண்டும். மழைக்காலத்தில் மூவரும் ஒரே வாழையிலைக்கு அடியில் அந்த முற்றத்தைக் கடந்து பள்ளிக்கு ஓடியிருக்கிறோம். இலையைப் பிடிப்பது பெரியண்ணன். பிற்பாடு ஒரு பலாமரத்துத் தகராறில் அவரே அங்கே வேலி அடைத்தார்.

மரநாய் விரட்ட அவரிடம் லைசென்ஸ் துப்பாக்கி உண்டு. தேர்தல் வந்தால் அதைப் பாறசாலை ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும். இந்த முறை அது அங்கே இருந்த வாரத்தில், சின்னண்ணன் வெட்டுக்கத்தியோடு வந்து வேலியை வெட்டினார். பெரியண்ணன் மண்வெட்டியை எடுத்தார். சின்னண்ணனின் பிளந்த தோளை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் தைத்தார்கள்.

அம்மா போனில் அழுதாள்: "தோக்கு டேசன்ல இருந்ததுனால எனக்கு ரெண்டுபேரும் உண்டு மக்கா. இல்லேண்ணா ஒருத்தன் மண்ணுக்கடியில, ஒருத்தன் ஜெயில்ல ஆக்கும்."

அவள் சொன்னது உண்மை. அந்தச் சட்டத்தை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் தேர்தல் முடிந்து துப்பாக்கி வீட்டுக்குத் திரும்பியபோது, வேலியும் புதிதாகக் கட்டி நின்றது. நான் பயந்து போனில் கேட்டதற்குப் பெரியண்ணன் சிரித்தார். "எலே, தோக்கு மரநாய்க்காக்கும். அவனுக்கு மம்மட்டி போதும்." துப்பாக்கியைப் பூட்டி வைக்க ஸ்டேஷன் இருக்கிறது. அண்ணனின் கோபத்தை எங்கே கொண்டு ஒப்படைப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டேன்: "எனக்க பங்குல சின்னண்ணனுக்கு வழி விடுங்க."

"வழி விட்டா மிச்சத்துல வீடு வைக்கக் காணாதே மக்கா. நீ திரும்பி வந்தா எங்க இருப்ப?"

"பிள்ளைகளு நடக்கட்டும் அம்மா."

இப்போது சின்னண்ணன் பிள்ளைகள் அதில் நடந்துதான் பள்ளிக்குப் போகிறார்கள். ஊரில் எனக்கு நிலம் உண்டு. எல்லோரும் அதில் நடக்கலாம், நான் தங்கத்தான் அங்கே இடமில்லை.

1996 அக்டோபர் 26. ஊரில் துலாம் மாதம், அதாவது ஐப்பசி.