ஊத்திக்கிற பேனா

குடிக்கிற பெண்ணுக்கு மாடி ரூமை விட்டிருந்தேன் என்று சந்து முழுக்கப் பேசுகிறார்களே, அவர்களில் ஒருத்தராவது அந்தப் புட்டியைத் திறந்து மோந்து பார்த்தார்களா? பார்க்கவில்லை. அட்டையில் ஆல்கஹால் என்று எழுதியிருந்ததாம். எழுதியிருந்தால் என்ன? ஊசி போடுவதற்கு முன்னால் நர்சம்மா பஞ்சில் தொட்டுக் கையைத் துடைக்கிறாளே, அதுவும் அந்த இனம்தான். அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்களை எல்லாம் குடித்துவிட்டு வந்தார்கள் என்றா சொல்கிறோம்? அந்தப் புட்டியில் இருந்தது மை. படம் போடுகிற பேனாவில் ஊற்றுகிற மை. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. கேட்கிறவர்கள் என் எதிரே தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வாசலுக்குப் போய், பெரியம்மாவுக்கு விவரம் பத்தாது, பாவம் என்கிறார்கள். சீ என்று இருக்கிறது.

அவள் பெயர் பெலிண்டா. முப்பதைத் தாண்டியவள். கல்யாணம் ஆகவில்லை, அது வேறு இவர்கள் கண்ணை உறுத்தியது. மன்னார்புரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அங்கே பிள்ளைகள் பெருகி, ஒரு மேசை போட இடமில்லாமல் போனதும், எங்கள் மாடி ரூம் காலியாக இருப்பதைக் கேள்விப்பட்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தாள். என் மகன் சின்னையா அட்வான்ஸ் பேசினான். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டே ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாள். என் பேத்தி கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை அப்பாயி என்றே கூப்பிட்டாள்.

பகலில் திருவானைக்காவலில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லா பேனரும் கம்ப்யூட்டரில் அவள் செய்வதுதான். அந்த வேலை அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். ஏன் என்று கேட்டேன். எந்த முகம் வந்தாலும் முதலில் வெளுக்கச் சொல்வார்களாம். செத்துப்போனவர் முகத்தைக்கூட. மண்வெட்டி பிடித்து வெயிலில் கறுத்த ஆளை ரோசாப்பூ நிறத்தில் அடித்து, கீழே கண்ணீர் அஞ்சலி என்று போட வேண்டுமாம். செத்தவர் என்ன பெண் பார்க்கவா கிளம்புகிறார்?

அந்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு புத்தகக் கம்பெனி அவளிடம் படம் கேட்டது. சிறு பிள்ளைகள் புத்தகம். பச்சமலை அடிவாரத்தில் ஆடு மேய்க்கிற ஒரு சின்னப் பெண்ணின் கதை. எனக்குப் பிறந்த வீடு உப்பிலியபுரம் பக்கம் என்பதால், ஆடு எப்படிக் காதை மடக்கும், தூக்குச்சட்டியை எந்தக் கையில் பிடிப்பார்கள் என்று என்னைக் கேட்டுக் கேட்டுப் போட்டாள். அந்தப் புத்தகம் நல்லபடியாக முடிந்தால் அடுத்த புத்தகமும் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்களாம். பேனர் கடைக்குக் கும்பிடு போட்டுவிடலாம். ஆனால் அதை முடிக்க அவளுக்கு ஒரு மேசையும் ஒரு ஜன்னலும் வேண்டும். அவளுக்கு அது இரண்டும் இருந்தது எங்கள் மாடியில்தான்.

வண்ணம் போடுவதற்குத் தூரிகை கிடையாது. இரண்டு பக்கமும் மூடி வைத்த தடிப் பேனா. மார்க்கர் என்பாள். ஒரு முனை தட்டை, மறு முனை மயிலிறகுக் காம்பு மாதிரி வளையும். தண்ணீர் மை இல்லை, ஸ்பிரிட் மை. கோடு கோடாகத் தெரியாமல் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதற்காக அது. தாளை ஊடுருவிக் கீழே இறங்கும், அதனால் அடியில் வேறு தாள் வைத்துக்கொள்வாள். வாசனை மண்டையைப் பிடிக்கிறது என்று ஜன்னலைத் திறந்துவிடுவாள். அந்த ஜன்னல் எதிர்வீட்டு மணிமேகலையின் சமையலறையைப் பார்த்து இருந்ததுதான் வினை.

முதலில் மலிவாக ஒரு பெட்டி வாங்கி வந்தாள். பெட்டி நிறையப் பேனா, பார்க்கக் கொலுப்படி மாதிரி இருந்தது. ஆட்டுக்காரப் பெண்ணின் முகம், கை, கால் என்று போட்டதில் பழுப்பு மட்டும் நாலாம் படத்திலேயே வறண்டுவிட்டது. மீதி எல்லாம் அப்படியே இருக்கிறது. ஊதாவும் ரோஸும் யாருக்கு வேண்டும்? அந்த ஒரு பழுப்புக்காக மறுபடி பெட்டியோடு வாங்கு என்கிறான் கடைக்காரன். எண்ணெய் தீர்ந்தது என்று வாணலியையும் அடுப்பையும் சேர்த்து வாங்கச் சொல்கிற வியாபாரம்.

என் மூக்குக்கண்ணாடியை மாற்ற சின்னக்கடைத் தெருப் பக்கம் போன அன்று அவளோடு நானும் ஒரு கடையில் ஏறினேன். ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள், அது வரைக்கும் மரியாதைதான். முனையைக் கழற்ற வருமா, மை தனியாகக் கிடைக்குமா, ஒற்றைப் பேனாவாகத் தருவீர்களா என்று அவள் கேட்கக் கேட்கக் கடைக்காரர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் ஸ்கின் கலர் என்று ஒரு பெட்டியைப் பிரித்து வைத்தார். எல்லாம் ரோஸ், இளம் ரோஸ், வெந்த இறால் நிறம். அவள் தன் கையை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல என் தோல் எதுண்ணே?"

"இது இன்டர்நேஷனல் ஸ்கின்மா. எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க."

"அப்ப நாங்க எல்லாரும் இல்லையா?"

நான் எழுந்து படியிறங்கிவிட்டேன். அவளும் வந்துவிட்டாள்.

வெளிநாட்டுப் பேனா ஒன்று இருக்கிறதாம், ஊற்றி ஊற்றி ஆயுசு முழுக்க எழுதலாமாம். ஆனால் பேர் பெற்ற சரக்கு, விலை நமக்கு ஆகாது. போனில் பலபேர் எழுதி வைத்ததைப் படித்துப் படித்து, அதிகம் பேர் தெரியாத கம்பெனிப் பேனா ஒன்றைக் கொஞ்சம் மையோடு ஒற்றையாக வரவழைத்தாள். அதைத் தேய்த்துத் தேய்த்து வேண்டுமென்றே தீர்த்தாள். சின்ன இடுக்கியால் தட்டை முனையைப் பிடுங்கி, உள்ளே சொட்டுச் சொட்டாக மை விட்டு, முனையைத் திருப்பிச் செருகி, கசிகிறதா என்று என் பழைய உள்பாவாடைத் துணியில் சுற்றிப் படுக்கவைத்தாள். கசியவில்லை. நிறமும் மாறவில்லை. அப்புறம்தான் அந்தக் கம்பெனியிலேயே வெறும் பேனாவும் தனித்தனியாக இரண்டு மைப்புட்டியும் அனுப்பச் சொன்னாள். பழுப்போடு ஒரு சொட்டுச் செங்கல் நிறம் கலந்து வெறும் பேனாவில் ஊற்றினால் உப்பிலியபுரத்து வெயில் பட்ட தோல் வந்துவிடும், அப்பாயி, உங்க முழங்கை நிறம்தான் என்றாள். எந்தக் கடையிலும் இல்லாத நிறம். அதற்கு நான் முழங்கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்தச் சந்தோஷத்தைத் தன் சிநேகிதி ஜென்சிக்கு மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே போனில் சொன்னாள். கீழே வாசலில் இருந்த எனக்கே கேட்டது.

"இனிமே கவலையில்லடி. காலியானா ஊத்திக்கலாம். பிரவுன் இல்லாம எனக்கு ஒரு நாள் ஓடாது."

எதிர் மாடியில் வடாம் புரட்டிக்கொண்டிருந்த மணிமேகலைக்கும் கேட்டிருக்கிறது. பிரவுன் என்றது அவள் காதில் பிராந்தி என்று விழுந்ததோ என்னவோ. ஊத்திக்கலாம் என்றது நன்றாகவே விழுந்தது. நம் ஊரில் ஒருவன் ஊத்திக்கிறான் என்றால் தோசையா ஊற்றுகிறான் என்று யாராவது கேட்பார்களா?

பார்சல் வந்த அன்று பெலிண்டா கடையில் இருந்தாள், நான் காவிரியில் குளிக்க அம்மா மண்டபம் போயிருந்தேன். மணிமேகலைதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள். இங்கிலீஷ் படித்தவள் ஆயிற்றே, அட்டை முழுவதும் படித்துவிட்டாள். ஆல்கஹால். ரீஃபில். ஜன்னல் வழியே வந்த வாசனையையும் மாடியில் கேட்ட பேச்சையும் அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். கிறிஸ்தவர்கள் வீட்டில் ஒயின் எல்லாம் சகஜம்தானே என்று வேதத்தையும் இழுத்துவிட்டாள். அதைக் கேட்டபோது எனக்கு வந்த அருவருப்பு, சாக்கடை தோண்டுகிறபோதுகூட வந்ததில்லை.

இரண்டொரு நாளில் முனை வீட்டு வெள்ளைச்சாமி நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். தெருவுக்குத் தலைவர் என்று யாரும் சொல்லாமலே அவர் தலைவர். கோயில் பக்கத்துத் தெரு, பொம்பளைப் பிள்ளைகள் இருக்கிற இடம், ரூமைக் காலி பண்ணச் சொல்லு என்று என் மகனிடம் ஆரம்பித்தார். அவர் பேசப் பேச, மத்தியானமே போட்டுவிட்டு வந்த நாற்றம் வெற்றிலைப் பாக்கையும் மீறிக்கொண்டு வந்தது. வேலை முடிந்து வந்த பெலிண்டா சைக்கிளை நிறுத்தினாள். விஷயத்தைக் கேட்டாள். மேலே போய் அந்தப் புட்டிகளில் ஒன்றை எடுத்து வந்து படியில் வைத்தாள்.

"மை அண்ணே. மோந்து பாருங்க."

யாரும் குனியவில்லை. குனிந்தது நான்தான். ஊசி வாசனைதான், வேறு ஒன்றுமில்லை என்றேன்.

வெள்ளைச்சாமி புட்டியைப் பார்க்காமல் அவள் வாயைப் பார்த்தார். "அது கிடக்கட்டும். எங்க, ஊதிக் காட்டு."

ரோட்டில் போலீஸ்காரன் லாரி டிரைவரை நிறுத்திச் சொல்வது போல, ஒரு பெண்ணைப் பார்த்து, முகத்துக்கு முகம் வைத்து ஊது என்கிறார். மற்ற நாலு பேரும் காத்திருக்கிறார்கள்.

"நான் லாரி ஓட்டலையே அண்ணே, படம்தானே போடுறேன்" என்றாள் அவள். "ஊத மாட்டேன்."

ஊதினால் என்ன, மடியில் கனமில்லாதவளுக்கு என்ன பயம் என்று எதிர் வாசலில் இருந்து மணிமேகலை கேட்டாள். வெள்ளைச்சாமி முதல்ல ஊதட்டும், பிறகு அவள் ஊதுவாள் என்று நான் சொன்னேன். கூட்டம் கலைந்தது அதனால்தான், புட்டியால் இல்லை.

அன்றைக்கே சின்னையாவை உட்காரவைத்து ஒரு பிடி பிடித்தேன். அவள் போனால் நானும் உப்பிலியபுரத்துக்குப் பஸ் ஏறுவேன் என்றேன். அவன் இறங்கி வந்தான், ஆனால் பாதிப் படியில் நின்றுவிட்டான். அவள் இருக்கட்டும், இனிமேல் பார்சல் வந்தால் என் முன்னால் பிரிக்கட்டும், ஜன்னலை மூடிக்கொண்டு படம் போடட்டும், தெருவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். என் வயிற்றில் பிறந்தவன், அவனைத் தெரியும் எனக்கு.

பெலிண்டா கேட்டுவிட்டு யோசிக்கக்கூட இல்லை. "அதுவும் ஊதுற மாதிரிதாங்க அண்ணே" என்றாள். ஜென்சி துவாக்குடியில் எடுத்திருக்கிற ரூமில் ஒரு மேசைக்கு இடம் இருக்கிறதாம், பேசிவிட்டேன் என்றாள்.

நான் உப்பிலியபுரத்துக்குப் பஸ் ஏறவில்லை. நீங்க போயிட்டா அவங்க ஜெயிச்ச மாதிரி ஆகிடும் அப்பாயி, இங்கேயே உட்கார்ந்து திட்டிக்கிட்டு இருங்க என்று அவள்தான் நிறுத்திவைத்தாள். திட்டிக்கொண்டு இருக்கிறேன்.

கிளம்பிய அன்று ஞாயிற்றுக்கிழமை. தெருவில் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். விடியற்காலையில் போய்விடு என்று சின்னையா சொல்லிப் பார்த்தான். அவள் சர்ச் பூசைக்குப் போய் வந்து, நான் போட்ட இட்லியைச் சாப்பிட்டு, வெயில் ஏறிய பிறகுதான் பெட்டியைக் கட்டினாள். படத்தாள்களை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பேனாக்கள் நிற்கக் கூடாது, படுத்துத்தான் இருக்க வேண்டும் என்று அந்தப் பையை மட்டும் ஆட்டோக்காரரிடம் கொடுக்கவில்லை. மைப்புட்டிகளைப் பைக்குள் வைக்காமல் ஒரு கையில் இரண்டையும் பிடித்துக்கொண்டு, முன்வாசல் வழியாகவே இறங்கினாள்.

மணிமேகலை கோலத்தைத் திருத்துகிற மாதிரி வாசலில் நின்றாள்.

"என்ன பெலிண்டா, இந்த வெயில்ல எங்க கிளம்பிட்ட?"

"ஊத்திக்கத்தான் போறேன்க்கா" என்றாள் பெலிண்டா, இரண்டு புட்டியையும் தூக்கிக் காட்டி. "இன்னும் தீரலை."

ஆட்டோ சந்து முனையில் திரும்புகிறவரைக்கும் மணிமேகலை குனிந்து கோலத்தையே திருத்திக்கொண்டிருந்தாள். நான் மட்டும்தான் சிரித்துக்கொண்டு நின்றேன்.